மூக்கைச் சொறிந்தால் மைட்ரல்

வைத்தியபீடத்தில் எல்லோரும் முதலில் பழகுகிற பொய் ஒன்று இருக்கிறது: "ஓம், கேக்குது." பெரிய டொக்டர் ஒரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடுவார். "இதில ஒரு மேர்மர் இருக்கு, எல்லாரும் வடிவாக் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மேர்மர் என்பது பழுதான வால்வு வழியாக இரத்தம் போகும்போது இதயத்தில் எழுகிற சத்தம். நாங்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் குனிவோம். பூசையில் நிற்பவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். பிறகு நிமிர்ந்து, தலையை ஆட்டி, "ஓம், கேக்குது" என்போம். எனக்குக் கேட்டதெல்லாம் அந்த மனிதர் காலையில் சாப்பிட்ட இடியப்பம் வயிற்றுக்குள் உருண்ட சத்தம்தான்.

எங்கள் குழுவில் ஒரு நெட்டையன் இருந்தான். மேர்மர் கேட்பதில் அவன்தான் மன்னன். மற்றவர்கள் தலையாட்டினால் அவன் புருவத்தையும் சேர்த்து உயர்த்துவான். ஒருநாள் என் ஸ்டெதஸ்கோப்பை இரவல் வாங்கி, ஒரு அம்மாவின் நெஞ்சில் நெடுநேரம் வைத்துக் கேட்டு, "அச்சா மேர்மர், கழுத்து வரைக்கும் போகுது" என்றான். திருப்பித் தந்தபோது பார்த்தேன். ஸ்டெதஸ்கோப்பின் தலையில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்றைத் திறந்தால் மற்றது அடைபட்டுவிடும். அவன் கேட்டது அடைபட்ட பக்கத்தால். அந்தப் பக்கத்தால் கோயில் மணி அடித்தாலும் கேட்காது. நான் வாங்கி, திருப்பி, அவனுக்குத் தெரியும்படி 'டக்' என்று ஒரு சத்தம் வைத்து, அதே இடத்தில் வைத்துக் கேட்டேன். அவனுடைய காது மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்தது.

அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம். எனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன் அல்லவா? ஆனால் அந்தப் புளுகம் சோதனைக்கு உதவவில்லை. கடைசி வருடச் சோதனையில் எனக்குத் தந்த நோயாளியின் நெஞ்சில் ஒரு மேர்மரை நான் விலாவாரியாக வர்ணித்தேன். அது எங்கே தொடங்குகிறது, எங்கே பரவுகிறது, எந்த வால்வு, எல்லாம். அந்த மனிதரின் இதயத்தில் ஒரு பழுதும் இல்லை என்று பிறகுதான் தெரியவந்தது. பெயில்.

அடுத்த தடவையும் பெயில் விட்டால், என்னோடு படித்தவர்கள் டொக்டர்களாக நிற்கிற வார்ட்டில் நான் மாணவியாகக் கைகட்டி நிற்கவேண்டும். நெட்டையன் எனக்குப் படிப்பிப்பான். அதைக்கூடத் தாங்கலாம். ஆனால் இரவில் படுத்தால் வேறொன்று வந்து அரிக்கும்: இந்தக் காதை நம்பி ஒருவரின் நெஞ்சைத் தொட எனக்கு என்ன தகுதி?

மறுசோதனைக்குப் படிக்க ஊர்காவற்றுறையில் வீட்டுக்கு வந்தேன். "றிசல்ட் இன்னும் வரேல்லை" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பாவம், எங்கள் ஊரில் செய்தியை மறைப்பது சாக்குக்குள் பூனையை மறைக்கிற வேலை. பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் ஏறிக் காரைநகருக்குப் போகிறவர்களுக்குக்கூட விஷயம் தெரிந்திருந்தது. ஆனாலும் எல்லோரும் என்னை "டொக்டர் பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்கள். சந்தையில் ஒரு அக்கா என்னை மறித்து, முழங்காலைக் காட்டி, "பாஸ் பண்ணினாப் பிறகு பாக்கிறீரோ, இப்பவே பாக்கிறீரோ?" என்று கேட்டார். அவருக்கு நான் மனதுக்குள் சொன்ன பதிலை இங்கே எழுத ஏலாது.

வந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஒழுங்கைமுனை மாமா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். சொந்த மாமா இல்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கை தொடங்குகிற முனையில் அவர் வீடு, அதனால் அந்தப் பெயர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், சின்ன வயதில் வந்த காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், இப்போது படகை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். ஆனால் சும்மா இருக்கிறார் என்று சொல்லிவிடாதீர்கள். அவருக்கு ஒரு உத்தியோகம் உண்டு. வைத்திய மாணவர்களின் சோதனைக்கு நல்ல அறிகுறி உள்ள நோயாளிகளைக் கூப்பிட்டுக் கட்டிலில் படுக்கவைப்பார்கள். மாணவர்கள் சோதித்து நோயைச் சொல்லவேண்டும். மாமா வருடா வருடம் போகிறவர். பஸ் காசும் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் கிடைக்கும். மாமா அதற்காகப் போகவில்லை. இத்தனை டொக்டர்களைத் தான்தான் உருவாக்கியதாக அவருக்கு ஒரு எண்ணம்.

"நெஞ்சை வைச்சுக்கொண்டு நான் இஞ்ச இருக்கிறன், நீ அங்க போய்ப் பெயில் விட்டிட்டு வந்து நிக்கிறாய்" என்றார், வந்த வேகத்தில். "என்ன பிள்ளை, என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதோ?"

"றிசல்ட் இன்னும்..." என்று அம்மா தொடங்கினார்.

"சும்மா இரும் தங்கச்சி. எனக்குப் பாதையிலையே சொல்லிப்போட்டினம்."

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள் தொடங்கின. பூசை முடிந்ததும் நானும் அம்மாவும் மாமா வீட்டுக்குப் போவோம். அம்மா காவலுக்கு. மாமா சேட்டைக் கழற்றிவிட்டு வாங்குப் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுப்பார். மாமி கதிரையை இழுத்துப் போட்டுத் தொலைக்காட்சிக்கும் எங்களுக்கும் நடுவில் உட்காருவார், இரண்டையும் பார்க்க வசதியாக.

மைட்ரல் வால்வு சுருங்கிய மேர்மர் மற்ற மேர்மர்கள் மாதிரி முகத்தில் அறைந்து சொல்லாது. மெல்லிய உறுமல். நோயாளியை இடதுபக்கம் சரித்து, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் சின்னப் பக்கத்தை மெதுவாக வைத்துக் காத்திருக்கவேண்டும். எங்கள் ஊரில் அது லேசான காரியமா? காகம் கத்தும். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டர் போடுவார்கள். கோயில் ஒலிபெருக்கியில் யாராவது மைக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். மாமியின் நாடகத்தில் யாரோ ஒருத்தி அழுவாள். இவ்வளவும் ஓய்ந்து, உறுமல் தொடங்கப்போகிறது போல ஒரு கணம் வரும்.

"கேக்குதோ?" என்பார் மாமா.

"மாமா, மூச்சைப் பிடியுங்கோ எண்டு சொன்னனான்."

"பிடிச்சுக்கொண்டுதான் கேக்கிறன்."

"கதைச்சா எப்படி மாமா மூச்சைப் பிடிக்கிறது?"

"அவருக்கு ஏலும்" என்றார் மாமி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கலியாணம் கட்டின நாளில இருந்து மூச்சு விடாமத்தான் கதைக்கிறார்."

வாரங்கள் போயின. பஸ்ஸில் போகும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இணையத்தில் மேர்மர் ஒலிப்பதிவுகளைக் கேட்பேன். அதில் ஒவ்வொன்றும் மேளம் அடித்த மாதிரிக் கேட்கும். பக்கத்து இருக்கையில் இருந்த பெடியன் ஒருவன் "என்ன பாட்டு அக்கா?" என்று கேட்க, ஒரு பக்கத்தை எடுத்து அவன் காதில் வைத்தேன். அவன் அடுத்த தரிப்பிலேயே வேறு இருக்கைக்குப் போய்விட்டான். ஆனால் மாமாவின் நெஞ்சில் எனக்கு லப் டப் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. "கேக்குதோ?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் "ஓம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் போல இருக்கும். அந்த வாயில் ஏற்கனவே ஒரு தரம் சூடு பட்டிருந்ததால் "இல்லை" என்றே சொல்லி வந்தேன். மாமாவின் முகம் வாடும். தன் நெஞ்சு என்னை ஏமாற்றுகிறது என்பது மாதிரி அதைத் தட்டிப் பார்ப்பார்.

"இந்தக் குளிசையளாலதான்" என்றார் ஒருநாள், மாத்திரைப் பெட்டியைக் காட்டி. "அதுகளைப் போட்டா நெஞ்சு அடங்கிக் கிடக்கும். முந்தி எண்டால் உள்ளுக்க படபடவெண்டு அடிக்கும், பக்கத்தில இருக்கிற ஆளுக்கே கேக்கும்."

"குளிசையில கை வைச்சியள் எண்டால் நான் இஞ்சால வரமாட்டன்" என்றேன்.

"சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான், பிள்ளை."

பிறகு ஒரு ஞாயிறு கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. தொலைக்காட்சி நின்றது. பக்கத்து வீட்டு மோட்டர் நின்றது. ஒலிபெருக்கியும் வாயை மூடியது. மாமி விசிறி மட்டை தேடிக் குசினிக்குள் போனார். வெக்கையில் மாமா இடதுபக்கம் சரிந்தபடியே நித்திரையாகிவிட்டார். நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, அவசரம் இல்லாமல், ஒன்றையும் எதிர்பாராமல் இருந்தேன். அப்போது கேட்டது. இரண்டாவது சத்தத்துக்குப் பின்னால், நெடுந்தீவு வள்ளம் தூரத்தில் வருகிற மாதிரி ஒரு உறுமல். வந்தது, போனது, திரும்ப வந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் வந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

மாமா திடுக்கிட்டு எழும்பினார். "என்ன, செத்துப்போனனோ?"

"கேட்டிட்டுது மாமா!"

அவருடைய முகத்தில் கவலை வந்தது. "சோதினை அண்டைக்கு ஆஸ்பத்திரியில கரண்ட் போகாதே பிள்ளை" என்றார்.

நான் சிரித்து, அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன். அவர் பகிடி விடவில்லை.

சோதனை நாள் காலை யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினால், முன் இருக்கையில் மாமா. வெள்ளைச் சேட், புதுச் சாரம், தலையில் எண்ணெய் வழிகிறது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். அவர் பின்னால் எழும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நாலடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது. பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"நீ என்னட்ட வந்தால்" என்று காதுக்குள் சொன்னார், "நான் மூக்கைச் சொறிஞ்சா மைட்ரல். விளங்குதோ?"

"மாமா, உங்கட நோய் என்னெண்டு எனக்குத் தெரியும்."

"பதட்டத்தில மறந்துபோனியெண்டால்?"

"இது கள்ளம் மாமா."

"என்ர மூக்கை நான் சொறியிறதில என்ன கள்ளம்?"

அத்தனை மாணவர்களுக்கு நடுவில் நான் அவரிடம் போவேன் என்று யார் நினைத்தது? மணி அடித்தது, திரை விலகியது, கட்டிலில் மாமா. சோதிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் தலை நரைத்த பெண் டொக்டர். மற்றவர் சிரிப்பைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். "இவருடைய இதயத்தைச் சோதியும்" என்றார் அவர். மாமா என்னைத் தெரியாதவர் மாதிரி முகட்டைப் பார்த்தார். நன்றாகத்தான் நடித்தார். பிறகு மூக்கைச் சொறிந்தார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்து மறுபடி சொறிந்தார். மூன்றாம் தரம் தோல் உரிகிற மாதிரிச் சொறிந்தார்.

"ஐயா, மூக்குக் கடிக்குதோ?" என்று கேட்டார் பெண் டொக்டர்.

"நுளம்பு கடிச்சுப்போட்டுது, டொக்டர்."

நான் அவருடைய கையைப் பிடித்து நாடியைப் பார்த்தேன். பார்த்ததும் சோதனை மறந்துபோனது. அந்த நாடி எனக்குத் தெரிந்த நாடி இல்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடித்திருப்பேன்! இன்றைக்கு அது ஓடியது, தடக்கியது, இரண்டு பாய்ந்தது, நின்று யோசித்தது, திரும்ப ஓடியது. ஒரு ஒழுங்கும் இல்லை. முகத்தைப் பார்த்தேன். எண்ணெய் என்று நினைத்தது வியர்வை. இடதுபக்கம் சரித்து, மூச்சை விடச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். மூச்சை அடக்க அவரால் ஏலவில்லை. துடிப்புகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போயின. நடுவில் உறுமலுக்கு இடமே இல்லை. காத்திருந்தேன். இல்லை. அந்த உறுமல் எனக்குக் கேட்கவில்லை.

விடை வாய்க்குள் தயாராக இருந்தது. மூக்கிலும் இருந்தது. சொன்னால் பாஸ். சொல்லாமல் விட்டால், மைட்ரல் நோயாளியின் மேர்மரைக் கேட்காத மாணவி என்று எழுதிவிடுவார்கள், இரண்டாவது தடவையாக.

"என்ன கேட்டது?" என்றார் சிரிக்காதவர், ஆங்கிலத்தில்.

நான் தமிழில் சொன்னேன். ஆங்கிலம் அந்த நேரம் வரவில்லை. "சேர், இவரை எனக்குத் தெரியும், எங்கட ஊர் ஆள். இவரின்ர நோயும் தெரியும். ஆனா இப்ப எனக்கு மேர்மர் கேக்கேல்லை. நாடி ஒழுங்கில்லாமல் வேகமாப் போகுது, மூச்சும் வாங்குது. இது முந்தி இருக்கேல்லை. சோதினையை நிப்பாட்டிப்போட்டு ஈ.சி.ஜி எடுக்கவேணும்."

"காலமை நான்தான் இவரைப் பாத்தனான்" என்றார் அவர். "நாடி ஒழுங்காத்தான் இருந்தது."

கையை மறுபடி மாமாவின் மணிக்கட்டில் வைத்தேன். அது தடக்கியது, பாய்ந்தது. "இப்ப இல்லை, சேர்" என்றேன்.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. "மைட்ரல் எண்டு சொல்லு பிள்ளை!" என்று கத்தினார். திரைக்கு அந்தப் பக்கம் நின்ற அடுத்த மாணவன் வரைக்கும் விடை போனது. "டொக்டர், அவளுக்கு எல்லாம் தெரியும்! மைட்ரல்! சுருங்கினது!"

பெண் டொக்டர் வந்து மாமாவின் மற்றக் கையைப் பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். பிறகு மற்றவரைப் பார்த்துத் தலையசைத்தார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரம் முழுக்க மாமாவின் குரல் கேட்டது: தன் சாப்பாட்டுப் பார்சலை யாரும் எடுக்கக்கூடாது என்று.

மீதிச் சோதனையை எப்படிச் செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. முடிந்ததும் வார்ட்டுக்கு ஓடினேன். மாமா மூக்கில் ஒட்சிசன் குழாயோடு சாய்ந்திருந்தார். சொறிய வழியில்லை. மாமி அடுத்த பஸ்ஸில் வந்திருந்தார். இதயம் தாளம் தப்பியிருக்கிறது, நேரத்தோடு பிடித்ததால் நல்லது, விட்டிருந்தால் இரத்தக்கட்டி மூளைக்குப் போயிருக்கும் என்று வார்ட் டொக்டர் சொன்னார். "குளிசையெல்லாம் ஒழுங்காப் போட்டனீங்களோ ஐயா?"

"ஓமோம்" என்றார் மாமா.

"பொய்" என்றார் மாமி. "குளிசைப் பெட்டி அப்படியே கிடக்கு. நான் காலமைதான் பாத்தனான்."

மாமா முகட்டைப் பார்த்தார். காலையில் பார்த்த அதே பார்வை. "இந்தக் கிழமை முழுக்கப் போடேல்லை" என்றார், கடைசியில். "சத்தம் நல்லாக் கேக்கட்டும் எண்டுதான்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. வார்ட் என்றும் பார்க்காமல் பேசினேன். அந்தக் குளிசைதான் நெஞ்சை அவசரமில்லாமல் ஆறுதலாக ஓட வைக்கிறது, ஆறுதலாக ஓடினால்தான் உறுமலுக்கு இடம் கிடைக்கும், அப்போதுதான் கேட்கும், எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள், செத்திருப்பீர்கள் மாமா என்று பேசிக்கொண்டு போகையில் அழுகை வந்துவிட்டது. நான் பாஸாகவேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் தன் உயிரையே பந்தயமாக வைத்திருக்கிறார், அதுவும் பிழையான பக்கத்தில்.

மாமா நான் முடிக்கும்வரை காத்திருந்தார். "அப்ப, கேக்கேல்லையோ?" என்றார்.

"இல்லை."

"சனியன்" என்று தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் பாஸ். பிறகொருநாள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட அந்தப் பெண் டொக்டர், தன்னுடைய அனுபவத்தில் நோயாளி தன் நோயைத் தானே கத்திச் சொன்னது அதுதான் முதல் தரம் என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்குக் காலையில் நாடி ஒழுங்காக இருந்தது என்று சொன்ன மற்றவரும் பக்கத்தில்தான் நின்றார். அவரும் சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பிய மாமாவைச் சோதனைக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு நான்தான் காரணம் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். "நான் அவளைப் பாஸாக்கினன், அவள் என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டாள்." ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நான் போனபோது, வாங்கு துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மாமி தொலைக்காட்சியை நிறுத்தியிருந்தார். மாமா சேட்டைக் கழற்றி இடதுபக்கம் சரிந்தார். இந்த முறை உண்மையாகவே மூச்சைப் பிடித்தார்.

நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். காகம் கத்தியது. பக்கத்து வீட்டு மோட்டர் ஓடியது. அதற்குள்ளும் கேட்டது. முதல் துடிப்பிலேயே கேட்டது, ஆறுதலாக, ஒழுங்காக, ஒவ்வொன்றுக்கும்.

"கேக்குதோ?" என்றார் மாமா.

"இல்லை" என்றேன்.

"கொஞ்சமும் இல்லையோ?"

"கொஞ்சம் கேக்குது. வடிவாக் கேக்க இன்னும் ஒழுங்காக் குளிசை போடவேணும்."

மாமா யோசித்தார். எழும்பிச் சேட்டைப் போட்டார். அலுமாரிக்குப் போய்க் குளிசைப் பெட்டியை எடுத்துக்கொண்டு, மாமியிடம் தண்ணீர் கேட்டார்.